சோறு வைத்து அழைத்தல்: உள்ளூர் நுண்ணுயிர்களைப் பிடித்துப் பெருக்கும் முறை

இரவு அரைத்து வைத்த இட்லி மாவு விடிந்ததும் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு நிற்கிறது. அதில் யாரும் ஈஸ்ட் போடவில்லை. உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே ஒட்டியிருந்த நுண்ணுயிர்கள், ஈரமும் மாவும் வெதுவெதுப்பும் கிடைத்தவுடன் பெருகி மாவைப் பொங்க வைத்திருக்கின்றன. மார்கழிக் குளிரில் மாவு பொங்காவிட்டால் வீட்டில் என்ன செய்வார்கள்? பாத்திரத்தை அடுப்புக்கு அருகே நகர்த்துவார்கள், துணியைச் சுற்றி வைப்பார்கள். நுண்ணுயிர் வாங்கக் கடைக்கு ஓடுவதில்லை. அவை மாவிலேயே இருக்கின்றன, சூடுதான் போதவில்லை என்பது சமையலறைக்குத் தெரியும்.

இந்த அத்தியாயம் அந்த அறிவை வயலுக்குக் கொண்டுபோகிறது. நம் ஊர் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைச் சோறு வைத்துப் பிடிப்பது, வெல்லத்தில் உறங்க வைப்பது, தவிட்டில் பெருக்குவது, மண்ணோடு பழக்குவது என்று நான்கு படிகள். ஐந்தாவதாக ஒன்று உண்டு: வயலில் விட்ட உயிர்கள் தங்குவதற்கு வீடும் சாப்பாடும் கொடுப்பது. முதல் நான்குக்கு ஒரு மாதம் போதும். ஐந்தாவதை ஆண்டுக்கணக்கில் செய்ய வேண்டும். அதைச் செய்யாவிட்டால் முதல் நான்கும் வீண் உழைப்பு.

இந்த முறை எங்கிருந்து வந்தது

சோறு நிரப்பிய பெட்டியை மண்ணில் வைத்து நுண்ணுயிர்களைப் பிடிக்கும் இந்தச் சோற்றுப் பெட்டி முறையை வகுத்தவர் தென் கொரியாவின் சோ ஹான்-கியூ. 1935இல் பிறந்தவர். 1960களில் ஜப்பானுக்குச் சென்று அங்கிருந்த இயற்கை வேளாண் ஆசான்களிடம் கற்றார். ஊர் திரும்பி, கற்றதைக் கொரிய வீடுகளின் நொதித்தல் அறிவோடு சேர்த்தார். வேகவைத்த சோயாவைக் கட்டியாகப் பிடித்து, வைக்கோலால் கட்டித் தொங்கவிட்டு, வைக்கோலிலும் காற்றிலும் உள்ள நுண்ணுயிர்களைக் கொண்டே புளிக்க வைக்கும் நாடு அது. அங்கிருந்து இம்முறை பல நாடுகளுக்குப் பரவியது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு இதை உழவர்களுக்கான செய்முறைக் குறிப்பாகவே வெளியிட்டிருக்கிறது. நம் ஊர்ப் பயிற்சி முகாம்களில் இதை 'ஐ.எம்.ஓ.' என்பார்கள்; உள்ளூர் நுண்ணுயிர்கள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது.

நமக்கு இது முற்றிலும் புதிதும் இல்லை. இயற்கை வேளாண் ஆசான் சுபாஷ் பாலேக்கரின் ஜீவாமிர்தக் கரைசலை நினைத்துப் பாருங்கள். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு. கடைசியாக ஒரு கைப்பிடி மண். அந்தக் கைப்பிடி மண்ணைப் பலரும் ஒப்புக்குத்தான் போடுகிறார்கள். பூச்சிமருந்து அடித்த வயலின் நடுவிலிருந்தே அள்ளிப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ரசாயனம் படாத வரப்பு மண்ணோ மரத்தடி மண்ணோ வேண்டும் என்று பாலேக்கர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளூர் நுண்ணுயிர்களுக்கான விதை அந்த ஒரு பிடிதான். சோற்றுப் பெட்டி செய்வதும் அதே வேலை. ஆனால் என்ன முளைத்தது என்று கண்ணால் பார்த்து, நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதைத் தள்ள வழி தருகிறது.

உள்ளூர் உயிர்கள் மேல் ஏன் இத்தனை பிடிவாதம்? உங்கள் ஊர்ச் சித்திரை வெயிலையும் உங்கள் கிணற்று உப்பையும் ஐப்பசி ஊறலையும் தாங்கி அங்கேயே வாழ்ந்துவருபவை அவை. வெளியிலிருந்து வாங்கிவந்து ஊற்றும் உயிர், புது மண்ணில் ஏற்கெனவே வேரூன்றிய கூட்டத்தோடு போட்டி போட்டுத்தான் பிழைக்க வேண்டும். உள்ளூர் உயிருக்கு அந்தப் பரீட்சை முடிந்துவிட்டது.

பெட்டி எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது

தொடங்கும் முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சோறு என்பது மாவுச்சத்து. மாவுச்சத்தை விரும்பி, காற்றோட்டத்தில் வேகமாக வளர்பவைதான் பெட்டிக்கு வரும். ரைசோபஸ், ஆஸ்பெர்ஜில்லஸ், டிரைக்கோடெர்மா போன்ற பூஞ்சைகள், ஈஸ்டுகள், சில பாக்டீரியாக்கள் இந்த வகை. இலைச் சருகையும் வைக்கோலையும் உடைத்து மட்கச் செய்வதில் இவை கெட்டிக்காரர்கள்.

வேர் உட்பூசணம் பெட்டிக்கு வராது. வேளாண் அலுவலகத்தில் 'வேம்' என்று தருவார்களே, அதுதான். உயிருள்ள வேருக்குள் நுழைந்தால்தான் அது வாழும், சோற்றில் வளராது. பயறு வகைகளின் வேர்முடிச்சில் காற்றுத் தழைச்சத்தைப் பிடிக்கும் ரைசோபியத்துக்கும் சோற்றுப் பெட்டி சரியான வழியல்ல. வேர் உட்பூசணம் பெருக வேண்டுமானால் நிலத்தில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பயிரின் வேர் உயிரோடு இருக்க வேண்டும், உழவு குறைய வேண்டும். ரைசோபியத்துக்குப் பயறு விதைப்பதும், முதல் முறை விதைக்கும் நிலமானால் விதைநேர்த்தி செய்வதும்தான் வழி.

ஆக, சோற்றுப் பெட்டி எல்லா நோய்க்கும் மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இது மட்க வைக்கும் கூட்டத்தை வயலுக்கு அழைத்துவரும் வேலை. அந்த அளவில் மிகப் பயனுள்ள வேலை.

இடம் பார்த்தல்

பெட்டி வைக்கும் இடம் பெட்டியை விட முக்கியம். நல்ல இடத்துக்கு நான்கு அடையாளங்கள்:

1. பல ஆண்டுகளாக உழாத, மருந்து படாத மண். கோயில் காடு, மூங்கில் புதர், ஏரிக்கரை ஆலமரத்தடி, பழைய புளியந்தோப்பு, அகலமான வரப்பின் வேலியோரம்.
2. சருகு அடுக்கடுக்காகக் கிடக்க வேண்டும். மேல் சருகு காய்ந்திருக்கும். அதை விலக்கினால் அடியில் கறுத்து, ஈரமாக, இலை எது மண் எது என்று பிரிக்க முடியாதபடி இருக்கும்.
3. அந்த அடிச்சருகில் வெள்ளை நூல் போலப் பூஞ்சை இழைகள் ஓடியிருக்க வேண்டும். இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருவது நல்ல குறி.
4. முகர்ந்தால் முதல் மழையின் மண்வாசனை வர வேண்டும். அந்த வாசனையை உண்டாக்குபவை ஆக்டினோமைசீட்ஸ் என்னும் பாக்டீரியா வகை. புளித்த நாற்றமோ சாக்கடை வாடையோ வந்தால் வேறு இடம் பாருங்கள்.

வாடல் நோயிலோ வேரழுகலிலோ செத்த செடிகள் இருக்கும் இடத்தருகே வைக்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. கோயில் காட்டிலிருந்து மண்ணை மூட்டை கட்டிக்கொண்டு வர வேண்டிய தேவையே இல்லை. பெட்டியை வைத்துவிட்டு எடுத்து வருகிறோம், அவ்வளவுதான். காடு காடாகவே இருக்கட்டும்.

ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு மூன்று இடங்களில், வெவ்வேறு பருவங்களில் வையுங்கள். மூங்கிலடியில் வருவதும் ஆலமரத்தடியில் வருவதும் ஒன்றாக இருப்பதில்லை.

அதோடு ஒரு பெட்டியை உங்கள் வயலின் நடுவிலும் வையுங்கள். அதிலிருந்து எதையும் எடுத்துப் பயன்படுத்தப் போவதில்லை. அதை எதற்கு வைக்கிறோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் படி: சோற்றுப் பெட்டி

*தேவையானவை:* ஓரடி நீளமும் அகலமும் நான்கு அங்குல உயரமும் உள்ள மரப்பெட்டி அல்லது மூங்கில் கூடை, அரை கிலோ அரிசி, மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி, கயிறு, எலி நுழையாத கம்பி வலை, மழைக்கு மேலே போட ஒரு பிளாஸ்டிக் தாள். பெட்டிக்கு வேப்பம்பலகை வேண்டாம், சாயம் பூசிய பலகையும் வேண்டாம்.

*செய்முறை:*

1. அரிசியை வழக்கத்தை விடத் தண்ணீர் குறைத்து, உதிரியாக வேகவையுங்கள். எலுமிச்சைச் சாதத்துக்கு வடிக்கும் பதம் சரி. குழைந்த சோற்றில் காற்று போகாது; காற்றில்லாத இடத்தில் அழுகல் வரும்.
2. உப்பு போட வேண்டாம். சோறு நன்றாக ஆறிய பிறகே பெட்டியில் நிரப்ப வேண்டும். சூட்டோடு போட்டால் ஆவி துணியில் வியர்த்துச் சொட்டும்.
3. பெட்டியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். சோற்றுக்கும் துணிக்கும் இடையே காற்று நிற்க இடம் வேண்டும். சோற்றை அமுக்கவும் கூடாது.
4. துணியை மூடிக் கயிற்றால் கட்டுங்கள். துணி சோற்றைத் தொடக் கூடாது.
5. மேல் சருகை விலக்கி, பெட்டியின் அடி இரண்டு அங்குலம் மண்ணில் அமரும்படி வையுங்கள். மேலே கம்பி வலை, அதன் மேல் அடிச்சருகு, அதற்கும் மேல் மழை படாமல் கூடாரம்போல் பிளாஸ்டிக் தாள். ஓரங்களில் கல் வையுங்கள்.
6. தை, மாசி மாதங்களில் நான்கு அல்லது ஐந்து நாள். வெயில் காலத்தில் மூன்று நாளிலேயே பார்க்க வேண்டும். மலைப்பகுதிக் குளிரில் ஒரு வாரம்கூட ஆகலாம்.

பங்குனி தொடங்கி மழை வரும் வரை சருகு காய்ந்து கிடக்கும். அந்த நாட்களில், பெட்டி வைப்பதற்கு இரண்டு நாள் முன்பு அந்த இடத்தில் இரண்டு குடம் தண்ணீர் தெளித்து வையுங்கள். மழை ஓய்ந்த தை மாதம்தான் பெட்டிக்கு மிகவும் ஏற்றது.

பெட்டியைத் திறந்து படித்தல்

நன்றாக வந்த பெட்டியை நான் முதன்முதலில் திறந்தது ஒரு தை மாதக் காலை. துணியைப் பிரித்ததும் சோறு தெரியவில்லை. இலவம்பஞ்சைப் பிய்த்துப் பரப்பியது போல ஒரு விரல் உயரத்துக்கு வெள்ளை நின்றது. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு இழையின் மேலும் பனித்துளி போல ஈரம். விரலால் விலக்கியபோது அடியில் பருக்கைகள் ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாக எழும்பின. அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். குனிந்து முகர்ந்துவிட்டு, "பழைய சோத்துப் பானையத் தெறந்த மாதிரி இருக்குப்பா. கெட்டுப்போகல" என்றார். ஐம்பது ஆண்டுகளாகப் பழையதும் மாவும் மோரும் பார்த்துப் பழகிய மூக்கு அது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். பெட்டியை அவரிடம் காட்டுங்கள்.

நிறத்தை இப்படிப் படிக்கலாம்:

- பஞ்சு போன்ற வெள்ளை: நல்லது. பெட்டியின் பெரும்பகுதி இப்படி இருக்க வேண்டும்.
- வெள்ளையின் நுனியில் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளிகள்: பூஞ்சை முதிர்ந்து வித்து விடத் தொடங்கிவிட்டது. உடனே எடுத்துவிடுங்கள். அடுத்த முறை ஒரு நாள் முன்னதாகத் திறங்கள்.
- அங்கங்கே பச்சை: சிறிதளவு இருந்தால் அந்தப் பகுதியைக் கரண்டியால் அகற்றிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். கால் பங்குக்கு மேல் இருந்தால் வேண்டாம்.
- ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, அடர் கறுப்பு, பிசுபிசுப்பு: முழுவதையும் எருக்குழியில் கொட்டி மண் போட்டு மூடுங்கள்.
- எதுவும் வளராமல் சோறு அப்படியே இருந்தால்: ஈரம் போதவில்லை, அல்லது குளிர். மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து இன்னும் இரண்டு நாள் விடுங்கள்.

என் முதல் இரண்டு பெட்டிகளும் கெட்டுத்தான் போயின. ஒன்றில் சோறு குழைந்திருந்தது. மற்றொன்றில் இரவு மழை உள்ளே இறங்கியிருந்தது. இரண்டு முறை தவறியதும் விட்டுவிடாதீர்கள். செலவு அரை கிலோ அரிசிதான்.

இரண்டாம் படி: வெல்லத்தில் உறங்க வைத்தல்

பிடித்த உயிர்களை அப்படியே விட்டால் சோற்றைத் தின்று தீர்த்துவிட்டு அழுகல் கூட்டத்துக்கு இடம் கொடுத்துவிடும். அதனால் அவற்றை நிறுத்தி வைக்க வேண்டும். மாவடுவை உப்பு காப்பது போல இங்கே வெல்லம் காக்கும். இனிப்பு அடர்த்தியாக இருக்கும் இடத்தில் நுண்ணுயிருக்கு வேண்டிய தண்ணீர் கிடைக்காது. சாகாமல் அடங்கிக் கிடக்கும்.

பெட்டிச் சோற்றை எடை போடுங்கள். அதே எடை நாட்டுச் சர்க்கரையோ தூளாக்கிய வெல்லமோ எடுத்துக் கையால் பிசையுங்கள். பருக்கை மசிய வேண்டியதில்லை, ஒட்டும் பாகு போல ஆனால் போதும். மண்பானையில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, துணியால் வாயைக் கட்டி, வெயில் படாத இடத்தில் ஏழு நாள் வையுங்கள். எறும்புக்கு ஒரே வழி, பானையைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் நிறுத்துவது.

வெல்லம் வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். பளிச்சென்று மஞ்சளாக இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோஸ் போட்டு வெளுத்தது. வெளுக்கப் போடும் அந்தக் கந்தகச் சேர்மம் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. கறுத்த வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எதுவும் சரி.

ஏழு நாளில் கலவை இளகி, பழுப்பு நிறமாகி, லேசான கள் வாசனை வரும். இனி இது பல மாதம் நிற்கும். மேலே நுரை பொங்கினால் இனிப்பு போதவில்லை என்று பொருள். இன்னும் கொஞ்சம் வெல்லம் சேர்த்துக் கிளறுங்கள். வெவ்வேறு இடங்களில் பிடித்தவற்றை இந்த நிலையில் ஒன்றாகச் சேர்க்கலாம்.

மூன்றாம் படி: தவிட்டில் பெருக்குதல்

இங்கேதான் கூட்டம் பெருகுகிறது. நெல் தவிடு மலிவு. ஆனால் நைசாகவும் எண்ணெய்ப் பசையோடும் இருப்பதால் நனைந்ததும் அப்பிக்கொண்டு காற்றை அடைத்துவிடும். நான்கு பங்கில் ஒரு பங்கு உமியோ பொடியாக நறுக்கிய வைக்கோலோ கலந்தால் காற்று ஓடும். கோதுமைத் தவிடு கிடைத்தால் அதையும் சேர்க்கலாம்.

1. 10 லிட்டர் தண்ணீருக்கு 10 முதல் 20 கிராம் வீதம் வெல்லக் கலவையைக் கரையுங்கள். கிணற்று நீரோ மழைநீரோ நல்லது. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் என்றால் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.
2. 25 கிலோ தவிட்டுக் கலவையில் இந்தக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசறுங்கள். 12 முதல் 15 லிட்டர் வரை பிடிக்கும். தவிட்டுக்குத் தவிடு மாறும் என்பதால் கைதான் அளவு. புட்டு மாவுப் பதம் வேண்டும்: பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது.
3. நிழலில், மண்தரையின் மேல் குவியுங்கள். சிமெண்ட் தளம் வேண்டாம். மண்ணோடு தொடர்பு இருந்தால் மிகை ஈரம் கீழே இறங்கும், கீழிருந்து உயிர்களும் ஏறும். குவியலின் உயரம் ஓரடிக்கு மேல் போகக் கூடாது.
4. நனைத்த கோணிச் சாக்கோ வைக்கோலோ போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக்கால் மூடினால் மூச்சு முட்டும்.
5. இரண்டாம் நாள் குவியல் சூடேறும். 50 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடக் கூடாது. வெப்பமானி இல்லையென்றால் கையை உள்ளே நுழைத்துப் பாருங்கள். ஐந்து எண்ணும் வரை வைத்திருக்க முடியாவிட்டால் உடனே கிளறி, குவியலைத் தாழ்த்திப் பரப்புங்கள். கோடையில் தினமும் கிளற வேண்டியிருக்கும்.
6. ஏழு முதல் பத்து நாளில் சூடு அடங்கும். மேல்புறம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்து, கட்டி கட்டியாக உடையும், காளான் வாசனை வரும். அப்போது தயார்.

அம்மோனியா நெடி அடித்தால் சூடு மிகுந்து தழைச்சத்து ஆவியாகப் போகிறது. அழுகல் நாற்றம் என்றால் ஈரம் அதிகம். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: உமியோ வைக்கோலோ சேர்த்துக் கிளறிக் காற்றுக் கொடுப்பது.

நான்காம் படி: மண்ணோடு பழக்குதல்

தவிட்டுச் சாப்பாட்டில் வளர்ந்தவற்றை ஒரேயடியாக வயலில் கொட்டாமல் மண்ணுக்குப் பழக்க வேண்டும். தவிட்டுக் கலவையின் அளவுக்கு மண் எடுங்கள். பாதி உங்கள் வயல் மண், பாதி நல்ல வரப்பு மண் அல்லது ஏரி வண்டல். கலந்து, அதே புட்டு மாவுப் பதத்தில், ஓரடிக் குவியலாக இரண்டு நாள் மூடி வையுங்கள்.

உடனே பயன்படுத்தாவிட்டால், காற்றோட்டமுள்ள சாக்கில் நிழலில் உலர்த்தி வைக்கலாம். வெயிலில் காயப்போடாதீர்கள்.

சிறு, குறு விவசாயிக்கு நான் சொல்லும் சிக்கனமான வழி இன்னொன்று. இந்தக் கலவையில் 50 கிலோவை அரை டன் மட்கிய தொழுவுரத்தோடு சேர்த்து, ஈரம் காத்து, ஒரு வாரம் மூடி வைத்தால் அந்தத் தொழுவுரம் முழுவதும் ஊட்டமேறிவிடும். ஓர் ஏக்கருக்கு அது நல்ல தொடக்கம்.

வயலில் இடுதல்

- ஈர மண்ணில், மாலை வேளையில் இடுங்கள். வெயிலில் காய்ந்த மேல்மண்ணில் தூவுவது கொல்வதற்குச் சமம்.
- விதைப்புக்கோ நடவுக்கோ ஒரு வாரம் முன்பு மேலாகத் தூவி, உடனே மூடாக்கால் மூடுங்கள்.
- வாழைக்குக் குழிக்கு இரண்டு கைப்பிடி. தென்னைக்குத் தண்டை ஒட்டி வேண்டாம். வட்டப்பாத்திக்குள், தண்டிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி இடுங்கள். காய்கறி நாற்றங்காலில் மண்ணோடு பத்தில் ஒரு பங்கு கலக்கலாம்.
- தண்ணீர் நிற்கும் நெல் வயலில் காற்று விரும்பும் பூஞ்சைகள் நிலைக்காது. நாற்றங்காலிலும், சேறு கலக்குவதற்கு முன் வைக்கோல் தாள்கள் மட்கவும் பயன்படுத்துங்கள். அதற்கு மேல் நெல்லில் எதிர்பார்க்க வேண்டாம்.
- யூரியா, சூப்பர் பாஸ்பேட், பூஞ்சைக்கொல்லி எதோடும் கலக்கக் கூடாது. பூஞ்சைக்கொல்லி தெளித்த நிலத்தில் இதைப் போடுவது, பிடித்து வந்த பூஞ்சையை நாமே கொல்வதாகும்.

மாட்டுக் கொட்டகையிலும் கோழிக் கூண்டின் தரையிலும் உமியோ மரத்தூளோ பரப்பி, மூன்றாம் படிக் கலவையை மேலே தூவிக் கிளறிவந்தால் கழிவு அங்கேயே மட்கத் தொடங்கும், நாற்றம் குறையும். ஹவாயில் பன்றிக் கொட்டகைகளில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். தரை எப்போதும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

ஐந்தாம் படி: தங்க வைத்தல்

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறோம். மரத்தடியில் அந்த உயிர்கள் ஏன் பெருகின? நிழல் இருந்தது, ஈரம் காயவில்லை, ஆண்டு முழுவதும் சருகு விழுந்தது, யாரும் உழவில்லை. நம் வயலில் இந்த நான்கும் இல்லையென்றால், எத்தனை மூட்டை தூவினாலும் ஒரு கோடையில் அவை அடங்கிவிடும்.

மண் பரிசோதனை அட்டையை எடுத்து அங்கக கார்பன் வரியைப் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று போட்டிருக்கும். நுண்ணுயிருக்கு அந்த வரிதான் சோற்றுப் பானை. அது காலியாக இருக்கும் நிலத்துக்கு ஆட்களை மட்டும் அழைத்துவந்து பயனில்லை.

செய்ய வேண்டியவை:

1. மூடாக்கு. வைக்கோல், கரும்புத் தோகை, தென்னை மட்டை, களை என எது கிடைத்தாலும் மண்ணை மூடுங்கள். மேலே பரப்புங்கள்; மட்காத வைக்கோலை உழுது புதைத்தால், அதை மட்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், பயிர் வெளிறும்.
2. உயிருள்ள வேர். வெயிலையும் காற்றையும் தண்ணீரையும் கொண்டு இலை சமைத்த இனிப்பில் ஒரு பங்கைச் செடி தன் வேர் வழியாக மண்ணில் விடுகிறது. வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாழ்கின்றன. அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையே சணப்பை, தக்கைப்பூண்டு, பலதானியம் விதைத்தால் அந்தப் பந்தி நிற்காது.
3. குறைந்த உழவு. பூஞ்சை இழைகள் மண்துகள்களைக் கட்டிப்போடும் நூல். ஒவ்வொரு உழவும் அந்த நூலை அறுக்கிறது.
4. வரப்பு மரம். கிளைரிசிடியா, அகத்தி, புங்கன். நிழலும் தழையும் தரும். அடுத்த பெட்டி வைக்க இடமும் தரும்.

கவனம்

தவிட்டுக் குவியலைக் கிளறும்போது வித்துத்தூள் பறக்கும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அருகே வர வேண்டாம். பூசணம் பிடித்த தவிட்டை மாட்டுக்கோ கோழிக்கோ தீவனமாகப் போடாதீர்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் வகையில் சில, அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். அவற்றில் எது நஞ்சு உண்டாக்கும், எது உண்டாக்காது என்று கண்ணால் பிரிக்க முடியாது. பச்சையாகத் தின்னும் கீரை, வெள்ளரி மேல் இந்தக் கலவையைக் கரைத்துத் தெளிக்க வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கையில் புண் இருந்தால் உறை போடுங்கள்.

பலன் தெரிகிறதா என்று பார்த்தல்

எல்லா நிலத்திலும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். ஒரு பாத்தியை விட்டுவையுங்கள். ஒப்பிட அதுதான் சாட்சி.

பழைய பருத்தி வேட்டியை ஒரு சாண் அகலத் துண்டுகளாகக் கிழித்து, இட்ட பாத்தியிலும் இடாத பாத்தியிலும் அரை அடி ஆழத்தில் புதைத்து, குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பாருங்கள். பருத்தியும் வைக்கோலும் ஒரே வகை நார்ச்சத்து. துணியை எங்கே அதிகம் தின்றிருக்கிறதோ அங்கே மட்க வைக்கும் கூட்டம் உழைக்கிறது. வேட்டி அப்படியே வந்தால் மண்ணில் ஈரமோ உயிரோ போதவில்லை. காலையில் மண்புழு எச்சக் குவியல்களை எண்ணுங்கள். மழை நின்றதும் எந்தப் பாத்தியில் தண்ணீர் சீக்கிரம் இறங்குகிறது என்று பாருங்கள். மூன்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.

இனி, வயல் நடுவில் வைத்த பெட்டி. முதல் ஆண்டு என் வயல் பெட்டியில் ஆரஞ்சும் கறுப்புமாகத் திட்டுகள் வந்தன, சோறு பிசுபிசுத்தது. அதே நாளில் ஏரிக்கரை மரத்தடியில் வைத்தது வெள்ளையாக எழும்பியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது என் நிலம் எங்கே நிற்கிறது என்று புரிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு தை மாதமும் இரண்டு பெட்டி வைக்கிறேன். சோற்றுக்குக் காற்றிலிருந்தும் வித்து வரும் என்பதால் இதைத் துல்லியமான அளவுகோலாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் வருடாவருடம் ஒரே மாதம், ஒரே பதச் சோறு என்று வைத்துப் பார்த்தால் மாற்றம் தெரியும். நான்காம் ஆண்டு, வாழைச் சருகு மூடாக்குக்கு அடியில் வைத்த வயல் பெட்டி ஓரம் முழுக்க வெள்ளையாக வந்தது.

அந்த ஆண்டு விதை எடுக்க நான் ஏரிக்கரைக்குப் போகவில்லை. தவிட்டுக் குவியலுக்கான விதையை என் வாழையடியிலிருந்தே எடுத்தேன். நீங்களும் இரண்டு பெட்டியோடு தொடங்குங்கள். மரத்தடிப் பெட்டி தேவைப்படாத நாள்தான் இந்த அத்தியாயம் உங்கள் நிலத்தில் நிறைவேறும் நாள்.